பழைய காத்தாடிகள் நிற்கும் நல்ல நிலம்

தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறைக்கும், பசுமை எரிசக்திக் கழகத்துக்கும், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வைகாசி பாதி தாண்டிவிட்டால் எங்கள் ஊரில் வாசலில் கோலம் நிற்காது. போட்ட கையோடு மாவு பறந்துவிடும். கொடியில் ஒரு வேட்டி காய நாலு கிளிப் வேண்டும். உடைமரம் எல்லாம் கிழக்கே சாய்ந்தபடியே வளர்ந்திருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும் மாதங்களில் இந்தப் பக்கம் எங்களுக்கு வருவது காற்று மட்டும்தான்.

அந்தக் காற்றுதான் எனக்குச் சோறு போட்டது. 1994ல் ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரு காற்றாலைப் பண்ணையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மீட்டர் பார்த்து ரீடிங் எழுதுவது, மெஷின் நின்றால் ஏணி வழியே முப்பது மீட்டர் ஏறிப் பார்ப்பது, கிரீஸ் அடிப்பது, பிரேக் பேட் மாற்றுவது என்று இருபத்தாறு வருடம் ஏறி இறங்கினேன். முழங்கால் இனி முடியாது என்ற பிறகு, புதிதாக வரும் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். என் மகனும் இதே தொழில்தான். குஜராத்தில் கட்ச் பக்கம் இருக்கிறான். நான் ஏணியில் ஏறிய உயரத்தைப்போல நாலு மடங்கு உயரத்துக்கு அவன் லிஃப்டில் போகிறான். லீவுக்கு வரும்போது நெடுஞ்சாலையில் நின்று எங்கள் ஊர் காத்தாடிகளைப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த இடத்துக் காத்து அங்க கிடையாதுப்பா" என்பான்.

அவன் சொல்வது உண்மை. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன். நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடங்களில் ஒன்றான இங்கே, நாட்டிலேயே பழைய மெஷின்கள் நிற்கின்றன. அவற்றை மாற்றுவதற்குக் கொள்கை இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் மாறவில்லை. எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று டவருக்கு அடியில் நின்று பார்த்தவனாகச் சொல்கிறேன். அருள்கூர்ந்து முழுவதும் படியுங்கள்.

முதலில் நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை நினைவுபடுத்த வேண்டும். 1986ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சோதனையாகச் சில காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. அந்த வருடங்களில் இந்தியா பணக்கார நாடு அல்ல, அந்நியச் செலாவணி கையில் இல்லாத நாடு. காற்றில் மின்சாரம் என்பதை யாரும் நம்பவில்லை. அப்புறம் டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் பெரிய அளவில் மெஷின்கள் வந்தன. இங்கே காற்று உண்டு, அது நம்பி வரும், கணக்கு சரியாக வரும் என்று காட்டியது அந்த முயற்சிதான். பிறகு தனியார் வந்தார்கள்.

தனியாரை வரவைத்தது வரிச்சலுகை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மெஷின் விலை முழுவதையும் முதல் வருடமே வருமானவரிக் கணக்கில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. பிற்பாடு அது 80 சதவீதமானது. அத்தோடு நம் மாநில மின்வாரியம் ஒரு வழி செய்து கொடுத்தது. முப்பந்தலில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை அரசுக் கம்பி வழியாகவே கோவையிலும் திருப்பூரிலும் ராஜபாளையத்திலும் இருக்கும் சொந்த மில்லுக்குக் கொண்டுபோகலாம். ஆடி மாதத்தில் மிச்சமாகும் யூனிட்டை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் நாங்கள் பேங்கிங் என்கிறோம். பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் நடுத்தர மில்காரர்கள் ஆளுக்கு ஒன்று இரண்டு என்று வாங்கி நிறுத்தினார்கள். ஒரு ஏழை நாட்டில் காற்றாலை வேரூன்றியது இப்படித்தான். இந்த ஏற்பாட்டை உருவாக்கிய அதிகாரிகளை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் அந்த வெற்றியிலேயே இன்றைய முடிச்சும் இருந்தது. சலுகை மெஷினை நடுவதற்குத் தரப்பட்டது, மின்சாரம் எடுப்பதற்கு அல்ல. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் நாங்கள் ராத்திரி பகலாக வேலை பார்ப்போம். மார்ச் 31க்குள் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இடம் சரியா, பக்கத்து மெஷினுக்குக் காற்றை மறைக்கிறதா என்று நின்று யோசிக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. உற்பத்தியாகும் யூனிட்டுக்கு ஊக்கத்தொகை என்ற திட்டம் மத்திய அரசிடமிருந்து வந்தபோது 2009 முடியும் தறுவாய். அதற்குள் எங்கள் பக்கத்து நல்ல நிலம் நிறைந்துவிட்டது.

இப்போது அந்த மெஷின்களைப் பாருங்கள். 225 கிலோவாட், 250 கிலோவாட். அதற்கும் சிறியவை உண்டு. இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் 28 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்றைப் பிடிக்கும் பரப்பு சுமார் 615 சதுர மீட்டர். இன்று வரும் மெஷின்களில் 120 மீட்டர் விட்டம் சாதாரணம். அதன் பரப்பு 11,300 சதுர மீட்டர், அதாவது பதினெட்டு மடங்கு. உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே அதில் இருக்கும் ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். மேலே போகப் போகக் காற்று வேகமாகவும் ஒரே சீராகவும் இருக்கும். தரையோடு வரும் காற்று, மரத்திலும் மேட்டிலும் அடிபட்டுக் கலங்கிப்போய் வரும். முப்பது மீட்டரில் நின்று அந்தக் கலங்கலை உடம்பில் வாங்கியவன் நான்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய மெஷினுக்கு இடைவெளியும் பெரிதாக வேண்டும். இறக்கை விட்டத்தைப்போல ஏழு மடங்கு ஒரு திசையில், ஐந்து மடங்கு இன்னொரு திசையில் என்பது நாம் பின்பற்றும் அளவு. பழையதை எடுத்த இடத்தில் எல்லாம் புதியதை நட முடியாது. அதனால் "மாற்றினால் பல மடங்கு மின்சாரம்" என்று சிலர் மேடையில் சொல்வதுபோல எல்லா இடத்திலும் நடந்துவிடாது. ஆனால் பழைய மெஷின் காகிதத்தில்தான் 250 கிலோவாட். கியர் பாக்ஸ் போனால் உதிரிபாகம் தயாரிக்கிற கம்பெனியே இன்று இல்லை. இன்னொரு செத்த மெஷினிலிருந்து கழற்றிப் போட வேண்டும். அதுவரை சீசனில் பாதி கழிந்துவிடும். புதிய மெஷின் லேசான காற்றிலும் சுற்றும், சீசன் இல்லாத மாதங்களிலும் ஏதாவது தரும். கிரிட்டில், அதாவது மின்சாரம் ஓடும் பெரிய கம்பி வலையில், ஒரு தடுமாற்றம் வந்தால் உடனே விழுந்துவிடாமல் தாங்கி நிற்கும். பழைய மெஷின் அப்படியில்லை. லைனில் ஒரு சிமிட்டல் வந்தாலும் வரிசையாக எல்லாம் நின்றுவிடும், திரும்பவும் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். சப்ஸ்டேஷனில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள், இதைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

சரி, இவ்வளவு தெரிந்தும் உரிமையாளர்கள் ஏன் மாற்றவில்லை? 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒரு கொள்கை வெளியிட்டது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் வெளிவந்த சூட்டோடு உரிமையாளர்களே எதிர்த்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்காது. பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கச் சொன்னால் ஏன் சண்டை என்று தோன்றும்.

காரணம் பேங்கிங். 2018 மார்ச் வரை வந்த மெஷின்களுக்கு வருடம் முழுவதும் செல்லும் பேங்கிங் உண்டு. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு அந்தப் பன்னிரண்டு மாத வசதி இல்லை. இப்போது ஒரு மில்காரரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். அவருடைய பழைய காத்தாடி துருப்பிடித்து நிற்கலாம். ஆனால் ஆடியில் அது தரும் யூனிட்டை அவர் தையிலும் மாசியிலும் எடுத்து மில்லை ஓட்டுகிறார். மெஷினை மாற்றினால் அந்த உரிமைக்கு என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு. உண்மையில் இன்று அந்த இரும்புக்கு விலை இல்லை, அதோடு ஒட்டியிருக்கும் உரிமைக்குத்தான் விலை. அதனால்தான் சுற்றவே சுற்றாத மெஷினைக்கூட யாரும் இறக்குவதில்லை. இதோடு மெகாவாட்டுக்கு இத்தனை லட்சம் என்று மேம்பாட்டுக் கட்டணமும் சேர்ந்தால் வங்கிக்காரரிடம் போகும் முன்பே அவர் பின்வாங்கிவிடுவார்.

மின்பகிர்மானக் கழகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். காற்று கொட்டும் ஆடியில் வேண்டாத நேரத்தில் யூனிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் கொளுத்தும் மாசி பங்குனியில் வெளிச்சந்தையில் விலை கொடுத்து வாங்கித் திருப்பித் தருவது சுமைதான். அந்தச் சுமையைக் கடைசியில் தாங்குவது என்னைப்போல வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டுகிறவர்கள். அப்படியானால் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு இடம் வேண்டும். அந்த இடம் ஏற்கனவே நம் கண் முன்னால் இருக்கிறது. 2016ல் மத்திய அரசு வெளியிட்ட புதுப்பித்தல் கொள்கையில், பழைய மெஷின் கடைசி மூன்று வருடத்தில் சராசரியாகக் கொடுத்த யூனிட் அளவுக்குப் பழைய விற்பனை ஒப்பந்தமே தொடரும் என்று ஒரு வழி சொல்லப்பட்டது. இதே கணக்கைப் பேங்கிங்குக்கும் வையுங்கள். பழைய மெஷின் கொடுத்த சராசரி அளவுக்குப் பழைய உரிமை அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் வருவதைப் புதிய விதிப்படி விற்கட்டும். இதனால் பகிர்மானத்துக்கு இன்று இருப்பதைவிட ஒரு யூனிட்கூடச் சுமை ஏறாது.

இன்னொரு முடிச்சு இதைவிடப் பெரியது. ஒரு புதிய மெஷின் நிற்க வேண்டிய இடத்தில் இன்று பத்துப் பதினைந்து பழைய மெஷின்கள் நிற்கின்றன. அவை ஒருவருடையவை அல்ல. நான் வேலை பார்த்த ஒரு வரிசையிலேயே பதினொரு மெஷினுக்கு ஏழு உரிமையாளர்கள். ஒருவர் இறந்து பிள்ளைகளுக்குள் பாகப் பிரச்சினை. ஒருவருடைய மில்லே மூடிவிட்டது, மெஷின் வங்கியின் கையில். ஒருவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை. இந்த ஏழு பேரும் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். முப்பது வருடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, அவர்களுடைய ஆபரேட்டர்கள்தான் டீக்கடையில் பார்த்துக்கொள்வோம்.

இதற்கு ஒரு விடை, நமக்கு மெஷின் கொடுத்த டென்மார்க்கிலேயே இருக்கிறது. 2001ல் அவர்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. நாடு முழுவதும் சிறிய காத்தாடிகள், ஆளுக்கு ஒன்றாகச் சொந்தக்காரர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய மெஷினை இறக்குகிறவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் வைத்துப் புதிய மெஷின் நிறுத்துகிறவருக்கு அவர் விற்கும் மின்சாரத்துக்குக் குறிப்பிட்ட அளவு வரை கூடுதல் விலை. சான்றிதழை விற்கலாம், வாங்கலாம். தனக்கு இனி இந்தத் தொழில் வேண்டாம் என்று நினைப்பவர் விற்றுவிட்டு நிம்மதியாகப் போகலாம். தொடர நினைப்பவர் நாலைந்து சான்றிதழ்களைச் சேர்த்துப் பெரிதாகக் கட்டலாம். மூன்று வருடத்துக்குள் சுமார் 1,480 சிறிய மெஷின்கள் இறங்கி, 272 புதிய மெஷின்கள் நடப்பட்டன. மொத்தத் திறன் இரண்டரை மடங்குக்கு மேல் போனது.

நம்மிடம் அந்தச் சான்றிதழுக்கு உயிர் கொடுக்க ஒரு பொருள் தயாராகவே இருக்கிறது. பேங்கிங் உரிமைதான் அது. மெஷினை இறக்கியவர் கையில், அவருடைய மூன்று வருடச் சராசரி யூனிட்டுக்கான பேங்கிங் உரிமையை எழுத்தில் கொடுங்கள். அதை அவர் புதிய மெஷினில் பங்காகப் போடட்டும், அல்லது வேறொருவருக்கு விற்கட்டும். பாகப் பிரச்சினை உள்ள குடும்பம்கூடக் காகிதத்தைப் பிரித்துக்கொள்ளும், டவரைத்தான் பிரிக்க முடியாது. அந்த நாளில் எங்கள் ஊர் வரிசையில் ஏழு பேரும் தாங்களாகவே போனில் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது கம்பி. இதைச் சொல்லாமல் காற்றாலை பற்றிப் பேசி முடிக்க முடியாது. 2012ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்கள் அவை. எங்கள் ஊரில் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தன. அதே வருடம், சீசன் உச்சத்தில், சுற்றத் தயாராக இருந்த மெஷின்கள் லைன் தாங்காது என்று நிறுத்தப்பட்டன. மின்சாரம் இல்லாத ஊரில், மின்சாரம் தரும் மெஷினை என் கையாலேயே நிறுத்தியிருக்கிறேன். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. அப்போது தென்மாநிலங்களின் கிரிட் வட இந்தியக் கிரிட்டோடு முழுதாக இணையவும் இல்லை. ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக அது இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்று.

கம்பியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. கென்யாவில் துர்க்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகளை நிறுத்தினார்கள், மொத்தம் 310 மெகாவாட். 2017லேயே எல்லாவற்றையும் நட்டு முடித்துவிட்டார்கள். அங்கிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டிய நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட லைன் வந்து சேர 2018 செப்டம்பர் ஆயிற்று. அதுவரை மெஷின்கள் சும்மா நின்றன, அந்த ஏழை நாட்டின் அரசு தாமதத்துக்கு இழப்பீடும் கட்ட வேண்டியிருந்தது. காற்றாலையை எட்டு மாதத்தில் நட்டுவிடலாம், ஐயா. லைன் போட வருடக்கணக்கில் ஆகும், ஒவ்வொரு டவர் காலுக்கும் ஒரு விவசாயியிடம் பேச வேண்டும். அதனால் லைன் முதலில் புறப்பட வேண்டும். நாற்பது வருடமாக நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். 400 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன்கள் வந்திருக்கின்றன. சீசனில் காற்றாலை மட்டுமே 5,000 மெகாவாட்டைத் தாண்டிக் கொடுக்கும் நாட்கள் உண்டு. ஆனாலும் தேவை குறையும் ராத்திரி வேளைகளில் மெஷினை நிறுத்தச் சொல்லும் வழக்கம் போகவில்லை. காற்று மின்சாரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. கிரிட்டின் பாதுகாப்பைத் தவிர வேறு காரணத்துக்காக நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும் என்று, தமிழ்நாட்டின் சூரிய மின்நிலையங்கள் பற்றிய வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021ல் சொல்லியிருக்கிறது. நான் இழப்பீடு கேட்கவில்லை, அது உரிமையாளர்கள் விஷயம். நான் கேட்பது ஒரு பட்டியல். இன்று எந்த ஃபீடர் (சப்ஸ்டேஷனோடு ஒரு வரிசை மெஷின்களை இணைக்கும் லைன்), எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன காரணத்துக்காக நிறுத்தப்பட்டது என்று தினமும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஒரே ஒரு சீசன் வெளியிட்டால் போதும். எந்த சப்ஸ்டேஷனில் டிரான்ஸ்ஃபார்மர் போதவில்லை, எங்கே லைன் மெலிவு என்பது தானாகவே வெளிச்சத்துக்கு வந்துவிடும். கடன் கொடுக்கும் வங்கிக்கும் அந்தப் பட்டியல் தைரியம் தரும். நிச்சயமில்லாத தொழிலுக்கு வங்கி கேட்கும் வட்டி எப்போதுமே கூடுதல்தான்.

ராத்திரிக் காற்றை வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கடம்பாறையில் எண்பதுகளிலேயே 400 மெகாவாட் நீரேற்று நிலையம் கட்டினோம். மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் வேலை பல வருடமாக இழுத்துக்கொண்டே போகிறது. காற்றாலையை ஊக்குவிக்க நீங்கள் போடும் கூட்டங்களில் குந்தாவையும் ஒரு பொருளாக வையுங்கள். காற்றாலை வேறு, நீரேற்று வேறு என்று தனித்தனி ஃபைலாகப் பார்த்தால் இரண்டும் நகராது.

பணம் தாமதமாக வந்த காலம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. உற்பத்தியாளர்களுக்கு மாதக்கணக்கில் நிலுவை இருந்தது ஊரறிந்த விஷயம். பணம் கொடுக்கத் தாமதித்தால் கூடுதல் கட்டணம் என்ற விதிகள் 2022ல் வந்தபிறகு அது சீராகி வருகிறது. அப்படியே தொடரட்டும்.

இனி எனக்கு மனதில் மிகவும் பாரமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா 1993ல் மூன்று ஏக்கர் புஞ்சையை விற்றார். கொள்ளும் எள்ளும் போட்டு, மழை வந்தால் விளையும், இல்லாவிட்டால் இல்லை என்ற நிலம். ஒரு தரகர் வந்து ஒரு ஜோடி உழவுமாட்டின் விலையைவிடக் கொஞ்சம் கூடத் தருவதாகச் சொன்னார். அப்பாவுக்கு சந்தோஷம். பிற்பாடு அதே நிலம் பல மடங்கு விலைக்குக் கைமாறியது என்று தெரிந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போவதை மட்டும் நிறுத்திவிட்டார். யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தின் மதிப்பு மண்ணில் இல்லை, அதற்கு மேலே ஓடும் காற்றில் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் இப்படி எத்தனையோ அப்பாக்கள்.

டென்மார்க்கைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே காற்றாலை பரவியதே கூட்டுறவு முறையில்தான். ஊர்க்காரர்கள் பங்கு போட்டு வாங்கினார்கள். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே கடலில் 2000ல் நிறுத்திய இருபது காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். பிறகு பெரிய கம்பெனிகள் வந்தபோது, 2009ல் ஒரு சட்டம் போட்டார்கள்: புதிய காற்றாலை நிறுத்துகிறவர் அதில் குறைந்தது 20 சதவீதப் பங்கை நாலரை கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பவர்களுக்கு முதலில் விற்க முன்வர வேண்டும். நாம் அவர்களிடமிருந்து மெஷினை வாங்கினோம், கியர் பாக்ஸை வாங்கினோம், என்னைப்போன்றவர்கள் பயிற்சியையும் வாங்கினோம். இந்த ஏற்பாட்டை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டோம்.

இப்போது புதுப்பிக்கும் நேரத்தில் அதைச் செய்ய இரண்டாவது வாய்ப்பு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன, தொடக்கக் கூட்டுறவு வங்கி இருக்கிறது. புதிய மெஷின் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பங்கை ஊராருக்குத் தர வேண்டும் என்று கொள்கையிலேயே எழுதுங்கள். அவர்களால் ஒரே தடவையில் பணம் போட முடியாது என்றால் வருமானத்திலிருந்து தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும். பஞ்சாயத்துக்கு யூனிட் கணக்கில் ஒரு சிறிய தொகை நேராகப் போகட்டும். லைன் போட, பாதை போட, பெரிய பிளேடு ஏற்றிய வண்டி திரும்ப ஒரு மூலை நிலம் கேட்டு வரும்போது ஊரே உங்களுக்கு வழிவிடும். துர்க்கானாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, 2021ல் ஒரு நீதிமன்றம், அந்த நிலத்தைக் கொடுத்த முறையே சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊராரைக் கேட்காமல் செய்த வேலை, செய்து முடித்த பிறகும் முடிவதில்லை.

இன்னும் ஒன்று. இறக்கும் மெஷின்களின் பிளேடுகளை எங்கே கொண்டுபோவீர்கள்? இரும்பை எடைக்கு எடுத்துக்கொள்ள ஆள் வரும். செம்பை வாங்க அடித்துக்கொண்டு வருவார்கள். பிளேடு கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. எரித்தால் விஷப்புகை, புதைத்தால் மக்காது. இப்போதே எங்கள் பக்கம் முள்ளுக்காட்டில் உடைந்த பிளேடுகள் கிடக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் அதன் நிழலில் படுத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கில் இறக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? சிமென்ட் சூளைகளில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் போட முடியும் என்று வெளிநாடுகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே சிமென்ட் ஆலை உண்டு. அனுமதி கொடுக்கும் தாளிலேயே பிளேடு எங்கே போகும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். கூடவே, இறக்கும் வேலைக்கு வரும் பையன்களுக்குப் பயிற்சியும் காப்பீடும் இருக்க வேண்டும். முப்பது வருடத் துருவேறிய போல்ட்டைக் கழற்றுவது, புதிய டவரை நிறுத்துவதைவிட ஆபத்தான வேலை.

கடலுக்குள் காற்றாலை நிறுத்தும் திட்டங்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறேன். 2024ல் அதற்காக மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் உதவி அறிவித்தது, அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு. நல்லதுதான், வரட்டும். ஆனால் தரையில், பாதை போட்டு, லைன் போட்டு, காற்று அளந்து, வேலைக்கு ஆளும் தயாராக உள்ள இடம் அதற்குள் வீணாகக் கூடாது. 2 மெகாவாட்டுக்குக் குறைந்த மெஷின்களை மாற்றினால் நாடு முழுவதும் 25,000 மெகாவாட்டுக்கு மேல் புதுப்பிக்க முடியும் என்று நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றுசக்தி நிறுவனமே கணக்குச் சொல்லியிருக்கிறது. பழைய மெஷின்கள் அதிகம் நிற்பது நம்மிடம். காற்றாலைத் திறனில் பல வருடம் நாம்தான் முதலிடம். இப்போது குஜராத் முந்திவிட்டது. என் மகன் அங்கே போனதும் அதனால்தான். நம் மாநிலத்தில் செய்யும் பெரிய பிளேடுகள் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி வெளிநாடு போகின்றன. அந்தத் துறைமுகத்திலிருந்து எங்கள் ஊர் இரண்டு மணி நேரப் பயணம்.

நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. பேங்கிங் உரிமையைச் சான்றிதழாக்குவதற்கு ஆணையம் ஒரு உத்தரவு போட்டால் போதும். நிறுத்தும் நேரப் பட்டியல் ஏற்கனவே உங்கள் கட்டுப்பாட்டு அறைக் கணினியில் இருக்கிறது. ஊராருக்குப் பங்கு என்பது கொள்கையில் ஒரு பத்தி. முதலில் ஒரே ஒரு சப்ஸ்டேஷனை எடுத்துக்கொண்டு, அதில் சேர்ந்த உரிமையாளர்கள் எல்லோரையும், அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எந்த டவர் யாருடையது, எது சுற்றும், எது சுற்றாது என்ற விவரம் உங்கள் ஆவணத்தைவிட எங்கள் ஆபரேட்டர் பையன்களிடம் துல்லியமாக இருக்கிறது. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து நாலு ஃபீடருக்கு மெஷின் வாரியாக எழுதியிருக்கிறேன்.

ஆடி மாதம் வாருங்கள். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் எல்லா வண்டியும் நின்றுதான் போகும், அங்கேயே காத்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் வந்தால் காற்று நன்றாக ஏறியிருக்கும். கோயிலிலிருந்து மண்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் பதினொரு மெஷின் உள்ள அந்த வரிசை. போன சீசன் முடியும்போது அதில் நாலுதான் சுற்றிக்கொண்டிருந்தது. நோட்டைக் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் காற்றாலை ஆபரேட்டர்,
பணகுடி வட்டாரம்